நெல்லும் பதரும் சேறும்: எந்தக் கணக்கைப் போடுவது?

வலையபட்டிப் பக்கம் ஒரு களத்தில், தை மாத மாலையொன்றில், நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுகிறது. சொளகெடுத்துத் தூற்றும் களங்கள் அருகிவிட்டன. அன்றைக்கு ஓர் ஆத்தா சொளகு நிறைய நெல்லோடு முக்காலிமேல் ஏறி நின்றார். நின்றவர் தூற்றாமல் அப்படியே நின்றார்.

"ஏன் ஆத்தா நிக்கிறீங்க?"

"காத்து எறங்கிப் போச்சு அப்பு. வரட்டும். அவசரப்பட்டா நெல்லும் பதரும் ஒண்ணாத்தான் விழும்."

காற்று வந்தது. அவர் சொளகைக் கவிழ்க்கவில்லை. விளிம்பை லேசாக ஆட்டி ஆட்டி, மெல்லிய திரைபோல நெல்லைச் சொரியவிட்டார். மணி பிடித்த நெல் முக்காலிக்கு அருகிலேயே பொலியாகக் குவிந்தது. கருக்காய் கொஞ்சம் தள்ளி விழுந்தது. பதர் அதற்கும் அப்பால். சண்டும் தூசியும் வேலி தாண்டிப் போயின.

அந்தக் களத்தில் நடந்ததுதான் வேறு பல இடங்களிலும் நடக்கிறது. ஓடும் காற்றோ நீரோ ஆவியோ துகள்களைச் சுமந்துகொண்டு போகிறது. துகள்கள் எங்கே விழும், எங்கே தேங்கும், எதை அடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், சிமெண்டு ஆலை, மூச்சுக்குழலுக்குள் மருந்து உறிஞ்சும் ஆஸ்துமா நோயாளி என்று எல்லா இடத்திலும் இதே கேள்விதான். இதற்குக் கணினியில் கணக்குப் போட ஒரே ஒரு முறை இருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியதில்லை. நான்கைந்து முறைகள் இருக்கின்றன. தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் கணினி ஒருபோதும் மறுப்புச் சொல்லாது. அழகான வண்ணப்படத்தோடு பொய்யான விடையைக் கொடுக்கும்.

முதலில் பார்வைகளைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கண்மாய் மறுகால் போகிறது. ஒருவர் கலுங்கின்மேல் உட்கார்ந்து, தன் காலடியில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, அதில் எவ்வளவு சேறு இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். இன்னொருவர், மிதந்து போகும் ஓர் ஆலிலையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அதன் கூடவே கரையோரமாக நடக்கிறார். முன்னதற்கு ஆய்லர் பார்வை என்று பெயர். பின்னதற்கு லக்ராஞ்சு பார்வை. இரண்டுமே 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதைகளின் பெயர்கள். காற்றையும் நீரையும் பெரும்பாலும் ஆய்லர் பார்வையில்தான் கணக்கிடுகிறோம். துகளை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பாதை பிரிகிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் நடக்கலாம். அல்லது துகள் கூட்டம் முழுவதையும் இன்னொரு பாய்மமாகவே எண்ணி, நீருக்குள் ஊடுருவி ஓடும் இரண்டாவது நீர்போல நடத்தலாம். இந்த இரண்டாவது வழிக்கு இரு-பாய்ம மாதிரி என்று பெயர். ஆண்டர்சனும் ஜாக்சனும் 1967இல் அதன் சமன்பாடுகளை ஒழுங்காக வருவித்துக் காட்டினார்கள்.

எதை எடுப்பது? இரண்டு எண்கள் வழிகாட்டும்.

முதலாவது, ஸ்டோக்ஸ் எண். காற்று திடீரெனத் திசை மாறினால், துகள் அதற்கு இணங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? அந்த நேரத்தைக் காற்றே திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஸ்டோக்ஸ் எண். செம்மண் சாலையில் டவுன் பஸ் போகும்போது பாருங்கள். பொடித்தூசி பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் சுழலும் காற்றோடு சுழல்கிறது. அதன் ஸ்டோக்ஸ் எண் ஒன்றைவிட மிகக் குறைவு. சக்கரம் தெறிக்கும் கூழாங்கல் காற்றை மதிப்பதே இல்லை. அதன் எண் ஒன்றைவிட மிக அதிகம். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் துகள்தான் ஆளைப் படுத்தும். அது சுழலிலிருந்து வெளியே எறியப்பட்டு, சுழல்களுக்கு இடைப்பட்ட இடங்களில் கொத்துக் கொத்தாகச் சேரும். சராசரிக் கணக்கு அந்தக் கொத்துகளைத் தவறவிட்டுவிடும்.

இரண்டாவது, கன அளவுப் பங்கு. ஒரு கன மீட்டர் இடத்தில் துகள்கள் மட்டும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது. எல்கோபாஷி என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வரைபடம் போட்டார். இந்தத் துறைக்கு வரும் எவரும் முதலில் பார்க்கும் படம் அதுதான். துகள்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், காற்று துகளைத் தள்ளும், துகளால் காற்றுக்கு ஒன்றும் ஆகாது. இது ஒருவழித் தொடர்பு. பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்றுவரை, துகளும் காற்றைத் திருப்பித் தள்ளும். இது இருவழித் தொடர்பு. ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் துகள்கள் தங்களுக்குள்ளேயே மோதத் தொடங்கும். இதை நால்வழித் தொடர்பு என்கிறார்கள்.

இப்போது களத்துக்கு வருவோம். மணி பிடித்த நெல் காற்றில் அடையும் முற்று வேகம், அதாவது அதற்குமேல் வேகம் கூடாத அந்த எல்லை, நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பதருக்குச் சுமார் 2 மீட்டர். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது; நெல் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இழுவிசையைச் சற்று எளிமைப்படுத்தினால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். விலகும் தூரம் என்பது உயரத்தைக் காற்று வேகத்தால் பெருக்கி, முற்று வேகத்தால் வகுத்தது. நெல்லுக்கு 0.9 மீட்டர். பதருக்கு 3 மீட்டர். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற இடைவெளி! தனித்தனித் துகளைத் தொடர்வதும் ஒருவழித் தொடர்பும் சேர்ந்த இந்த எளிய மாதிரி, தூற்றுதல் ஏன் பலிக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஆத்தா ஏன் சொளகைக் கவிழ்க்காமல் மெல்லச் சொரிந்தார் என்பதை இது சொல்லாது. அதற்கு அளவைப் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒரு கிலோ நெல் விழுவதாக வைப்போம். சொளகின் விளிம்பில் அந்தத் திரை ஒரு முழ அகலமும் நான்கு விரல் தடிமனும் இருக்கும். அங்கே நெல்லின் கன அளவுப் பங்கு ஆயிரத்தில் ஒன்றை எளிதாகத் தாண்டிவிடுகிறது; மணிகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. தரைக்கு அருகில், திரை விரிந்து வேகமும் கூடியபின், அது பத்தாயிரத்தில் மூன்றாகக் குறைகிறது. சிறிய எண்தானே என்று தோன்றும். நெல் காற்றைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அடர்த்தியானது. எனவே அந்த இடத்துக் காற்றின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எடை நெல்லுக்கு இருக்கிறது. விழும் நெல் காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றுக்குள் மாட்டிய பதருக்கு வெளியே பறக்க வழி இல்லை, நெல்லோடு சேர்ந்தே இறங்கும். கட்டியாகக் கொட்டினால் பதர் பிரியாது என்ற அனுபவ அறிவுக்கு இருவழித் தொடர்பு என்று பெயர்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அரிசி ஆலைக்குக் காற்றால் உமி பிரிக்கும் கருவி ஒன்றை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். துகள்கள் குறைவுதானே என்று ஒருவழித் தொடர்பில் கணக்குப் போட்டேன். உமி முழுவதும் பிரிந்துவிடும் என்று விடை வந்தது. மணிக்கு எத்தனை மூட்டை போட்டாலும் அதே விடைதான் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருவழிக் கணக்கில் துகளின் எண்ணிக்கை சமன்பாட்டுக்குள்ளேயே வருவதில்லை. பத்து மூட்டையும் நூறு மூட்டையும் அதற்கு ஒன்றே. கருவியை முழுச் சுமையில் ஓட்டியபோது அரிசியோடு உமியும் வந்து விழுந்தது. கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு போடலாம்" என்பது. அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாத மாதிரியைத் தேர்ந்திருக்கிறேன்.

களத்திலிருந்து கண்மாய்க்குப் போனால் நிலைமை அடியோடு மாறுகிறது. செட்டிநாட்டுக் கண்மாய்களில் புதுத்தண்ணீர் வரும்போது செக்கச்செவேலென்று வரும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான், என்றால் அந்த ஒரு லிட்டரில் மட்டும் 70 கோடித் துகள்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் நடப்பதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நடக்கவும் வேண்டியதில்லை. இவற்றின் ஸ்டோக்ஸ் எண் மிகமிகச் சிறியது. தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். கூடவே மெல்லக் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆகவே இங்கே கலவை மாதிரி போதும். சேற்றுநீர் முழுவதையும் ஒரே பாய்மமாக எடுத்துக்கொண்டு, சேறு எவ்வளவு செறிவு, எவ்வளவு வேகத்தில் நழுவி இறங்குகிறது என்ற இரண்டை மட்டும் தனியாகக் கணக்கில் வைத்துக்கொள்வது.

எல்கோபாஷியின் படத்தை இங்கே அப்படியே மாட்டினால் தப்பாகிவிடும். லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் கன அளவுப் பங்கு பத்தாயிரத்தில் நான்கு. களத்துத் திரைக்கும் இதற்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே துகள் காற்றைவிட ஆயிரம் மடங்கு கனம். இங்கே மண் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். எடையில் சேறு ஆயிரத்தில் ஒரு பங்கே. துகள் உரசித் தண்ணீரை இழுப்பது என்ற விளைவு இங்கே ஒன்றுமில்லை. அப்படியானால் ஒருவழித் தொடர்பே போதுமா? போதாது. லிட்டருக்கு ஒரு கிராம் சேறு, அந்தத் தண்ணீரைக் கன மீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ கனமாக்குகிறது. நம் ஊர் வெயிலில் இரண்டு டிகிரி வெப்ப வித்தியாசம் தரும் கன வித்தியாசம் இது. அசையாமல் கிடக்கும் கண்மாய்க்குள் அது போதும். கலங்கல் தண்ணீர் தெளிந்த நீருக்கு அடியில் புகுந்து தரையோடு தரையாக ஊர்ந்து போகும். இங்கே தொடர்பு எடையின் வழியாக வருகிறது.

பாண்டிய நாட்டுக் கண்மாய் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் கரையிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு கல்தூண்களோடு குமிழித் தூம்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்த கோடையில் போய்ப் பாருங்கள். தூணுக்குக் கீழே கல் தொட்டி. தொட்டியின் மேற்புறம் நீரோடித் துளை. தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். குமிழைத் தூக்கியதும் மேல்துளை வழியாகத் தண்ணீரும் கீழ்த்துளைகள் வழியாகச் சேறு கலந்த நீரும் சேர்ந்து, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போகும். வயலுக்கு வண்டலும் கிடைத்தது. கண்மாயும் கொஞ்சம் தூர் வாரப்பட்டது. தரையோடு ஊரும் கனத்த நீர்தான் இந்த அமைப்பின் அடிப்படை. இதைக் கணினியில் ஆராய வருபவர், சேறு தண்ணீரின் கனத்தை மாற்றுவதைச் சேர்க்காமல் விட்டால், சேறோடித் துளைக்கும் நீரோடித் துளைக்கும் உள்ள வித்தியாசம் சரிவரத் தெரியாத விடைதான் கிடைக்கும்.

அடியில் தேங்கிய சேறு வேறு கதை. துகள்கள் நெருங்கிவிட்டால், ஒன்று இறங்க அது விலக்கும் தண்ணீர் மற்றவற்றின் இடுக்கு வழியாக மேலேற வேண்டும், எல்லாமே மெதுவாகும். ரிச்சர்ட்சனும் ஸாகியும் 1954இல் தந்த வாய்பாட்டின்படி, நுண்துகள்கள் பத்தில் ஒரு பங்கு இடத்தை அடைத்தால் இறங்கும் வேகம் 60 சதவீதம் ஆகிறது. பத்தில் மூன்று பங்கு என்றால் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருணித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, தேற்றாங்கொட்டையை உட்புறம் உரசி வைத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். களிமண் துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கின்றன. கொட்டையின் சாறு அவற்றைக் கோத்துத் திரளாக்குகிறது. இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், திரள் பத்து மடங்கு பெரிதானால், அதே இறுக்கம் இருக்கும்பட்சத்தில், வேகம் நூறு மடங்கு. (திரள் தண்ணீரையும் உள்ளே வைத்துக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு வராது.) துகளின் அளவே நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இடத்தில், ஒரே அளவு என்று வைத்துப் போடும் எந்த மாதிரியும் உதவாது. எந்த அளவில் எத்தனை துகள் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி ஒரு பேரேட்டைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாவது இடம் நெருப்பு. நெய்வேலியில் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கத்தில் தலா 250 மெகாவாட் அலகுகள் இரண்டு 2015இல் வணிக உற்பத்திக்கு வந்தன. பழுப்பு நிலக்கரியைச் சுழலும் மிதவைப்படுகையில் எரிப்பவை அவை. அடியிலிருந்து காற்று ஊதும். சூடான மணலும் சாம்பலும் கொதிக்கும் உலைபோலக் குமுறும், மேலே பறக்கும், பிரிப்பியில் பிடிபட்டு மறுபடி அடிக்கு வரும். அரிசி ஆலைகளில் உமி எரிக்கும் சிறு கொதிகலன்களிலும் இதே தத்துவம் உண்டு.

இங்கே அடிப்பகுதியில் துகள்கள் பாதி இடம்வரை அடைத்துக்கொண்டிருக்கும். மோதல்தான் எல்லாம். மோதலை நேர்மையாகக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. கண்டலும் ஸ்ட்ராக்கும் 1979இல் மண்ணியலுக்காக உருவாக்கிய தனித்துகள் முறையில், ஒவ்வொரு மணலும் ஒரு பந்து. இரண்டு பந்துகள் தொட்டால் இடையில் ஒரு சுருள்வில்லும் ஒரு தணிப்பானும் வேலை செய்யும். ஜப்பானின் ட்சுஜி குழுவினர் 1993இல் இதை மிதவைப்படுகைக்குள் ஓடும் காற்றோடு இணைத்தார்கள். திரையில் குமிழி எழுந்து உடைவதைப் பார்த்தால் கண்ணெதிரே படுகை கொதிப்பதுபோலவே இருக்கும். விலைதான் தாங்காது. 0.2 மில்லிமீட்டர் மணல் ஒரு கன மீட்டர் படுகையில் மட்டும் ஏறக்குறைய 12,000 கோடி. மோதல் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடுவதால் கணக்கின் ஒவ்வோர் எட்டும் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கையில் அடங்கும் ஆய்வுக்கூடக் குழாய்க்கு இது சரி. நெய்வேலிக்குச் சரிவராது.

அங்கே இரு-பாய்ம மாதிரிதான் உழைக்கிறது. துகள் கூட்டத்துக்கு வாயு மூலக்கூறுகளுக்குப்போல ஒரு "வெப்பநிலை"யும் அழுத்தமும் பிசுக்குமையும் கொடுத்து நடத்துகிறார்கள். இதற்கு ஒரு பலவீனம் உண்டு. அது பலருக்கும் தெரியாமல் போகிறது என்பது என் வருத்தம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரை நோக்கி ஒருவர் நெல்லை வீசுகிறார்கள் என்று நினையுங்கள். மணிகள் பெரும்பாலும் மோதாமல் ஒன்றையொன்று கடந்து போய்விடும். தனித்துகளைத் தொடரும் கணக்கில் அப்படித்தான் வரும். இரு-பாய்மக் கணக்கிலோ ஓர் இடத்தில் நெல்லுக்கு ஒரே ஒரு வேகம்தான் இருக்க முடியும். வலப்பக்கம் போவதும் இடப்பக்கம் போவதும் கூட்டி வகுத்துப் பூச்சியமாகிவிடும். நெல் நடுவழியில் நின்று செங்குத்தாக விழுந்ததாகக் கணினி சொல்லும். நெருக்கமான படுகையில் மோதல் அதிகம் என்பதால் இந்தப் பிழை மறைந்துவிடுகிறது. துகள் குறைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் இடங்களில் இதே மாதிரியை நம்பினால் கெட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் இருக்கிறது. ஆண்ட்ரூஸும் ஓ'ரூர்க்கும் 1996இல் முன்வைத்தது. ஆயிரக்கணக்கான மணலை ஒரு பொட்டலமாகக் கட்டி, பொட்டலங்களின் பின்னால் நடப்பது. மோதலை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், நெருக்கத்தால் எழும் அழுத்தமாக மட்டும் சேர்ப்பது. பல அளவுத் துகள்கள் கலந்த பெரிய உலைகளுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

எந்த வழியில் போனாலும் இழுவிசை வாய்பாட்டில் வந்து நிற்க வேண்டும். தனித்துகளுக்கு ஸ்டோக்ஸ் 1851இல் தந்தது. காற்றில் ஆடும் ஊசல் ஏன் அடங்குகிறது என்று ஆராயும்போது கிடைத்தது. நெருங்கிய படுகைக்கு எர்கன் 1952இல் தந்தது. இடைப்பட்டதற்கு வென், யூ இருவரும் 1966இல் தந்தது. மேலே பறக்கும் மணல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தே பறக்கிறது. கொத்துக்குள் காற்று புகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கணக்கின் கட்டங்கள் அந்தக் கொத்தைவிடப் பெரிதாக இருந்தால், மணல் சீராகப் பரவியிருப்பதாகவே கணினி நினைத்து, இழுவிசையைப் பல மடங்கு கூட்டிச் சொல்லும். மாதிரியின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள் இந்த வாய்பாட்டை மென்பொருள் கொடுத்தபடியே விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். விடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

எம்ஃபிக்ஸ், ஓப்பன்ஃபோம் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசம். மேலே சொன்ன முறைகளில் பெரும்பாலானவை அவற்றில் இருக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் இன்றிரவே இறக்கிக்கொண்டு தொடங்கலாம். தொடங்குமுன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: துகளின் விட்டம், அதன் அடர்த்தி, கன அளவுப் பங்கு, ஸ்டோக்ஸ் எண். அதற்கு மேலே, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியாதவரை மென்பொருளைத் திறக்காதீர்கள்.

விட்டத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். அடுத்த மழையில் உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கலங்கல் தண்ணீர் எடுங்கள். நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டிலில் தண்ணீர் 20 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், 0.1 மில்லிமீட்டர் மணல் 20 நொடிகளில் அடிக்கு வந்துவிடும். 10 மைக்ரான் வண்டலுக்கு அரைமணி நேரம் ஆகும். 2 மைக்ரான் களிமண் இறங்கி முடிக்க 12 மணி நேரம்.